‘வீட்டுக்குக் கொண்டுபோங்கள்’: கடும் மூளைக்காயத்தில் முடிவை எழுதுவது யார்?

கேள்வி

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அன்றாடம் கையெழுத்தாகும் தாள்களில் ஒன்றுக்கு ‘ஏ.எம்.ஏ.’ என்று பெயர். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக நோயாளியை அழைத்துப் போகிறோம், விளைவுக்கு நாங்களே பொறுப்பு என்று உறவினர் எழுதிக் கொடுப்பது அது. சிகிச்சையில் நம்பிக்கை இழந்து நாட்டு வைத்தியரிடம் போகிறவருக்கும், பணம் தீர்ந்து அரசு மருத்துவமனைக்கு மாறுகிறவருக்கும், அறுவைக்குப் பயந்து ஊர் திரும்புகிறவருக்கும் ஒரே தாள்தான். தலையில் அடிபட்டு நினைவு திரும்பாமல் வென்டிலேட்டரில் கிடப்பவருக்கும் அதே தாள். ஆனால் இந்தக் கடைசி வகையில் ஒரு முரண் இருக்கிறது. ‘இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்’ என்று முதலில் சொன்னவர் பல சமயம் மருத்துவரே. அவர் சொன்னபடி நடக்கும் குடும்பம், அவர் சொன்னதை மீறி நடப்பதாக எழுதிக் கொடுக்கிறது.

கடும் மூளைக்காயத்தில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாமா கூடாதா என்ற விவாதம் நம் இதழ்களில் பெரும்பாலும் அறத்தின் பெயரால் நடக்கிறது, சில சமயம் மதத்தின் பெயரால். நிறுத்துவது இன்னும் நடக்கவில்லை, அதற்கு இப்போதுதான் அனுமதி கேட்கிறார்கள் என்ற எண்ணம் அந்த விவாதத்தின் அடியில் கிடக்கிறது. நிலவரம் வேறு. நிறுத்துவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நிறுத்தினோம் என்று எவரும் எழுதுவதில்லை, அவ்வளவே. இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் 2005இல் இது குறித்த முதல் வழிகாட்டுதலை வெளியிட்டு, பிறகு பலமுறை திருத்திய காலமெல்லாம் இந்த எழுதாத நடைமுறையும் கூடவே இருந்து வந்திருக்கிறது. ஆகவே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது: தாளில் யார் முடிவெடுத்ததாக இருக்கிறதோ, அவர்தான் முடிவெடுத்தாரா? என் வாதம் இது. மருத்துவரின் கணிப்பு குடும்பத்தின் கையெழுத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்த கணிப்பை வேறொரு மருத்துவர் சோதிக்க முடியாது, குடும்பம் கேள்வி கேட்க முடியாது, நீதிமன்றம் படிக்க முடியாது. சட்டத்தை எவ்வளவு எளிதாக்கினாலும், இந்த ஒளிவு நீடிக்கும்வரை அது ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி போன்ற ஊர்க்காரர்களுக்குப் பயன்படப் போவதில்லை.

சட்டம் நடந்து வந்த வழி

இந்தியாவில் இந்தக் கதை மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாகிடமிருந்து தொடங்குகிறது. 1973 நவம்பர் 27 அன்று அந்த மருத்துவமனை ஊழியர் ஒருவரால் தாக்கப்பட்டபோது, நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டு அவர் மூளைக்கு ஆக்சிஜன் போவது தடைப்பட்டது. அதன்பின் 41 ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கோரி எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் 2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு தீர்ப்பளித்தது. அருணாவின் சார்பில் பேசும் தகுதி விரானிக்கு இல்லை, அத்தனை ஆண்டுகள் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அவர்கள் அருணா வாழட்டும் என்றார்கள். கோரிக்கை மறுக்கப்பட்டது. ஆனால் அதே தீர்ப்பு, உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்று முதன்முறையாகக் கதவைத் திறந்தது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார்.

அந்தத் தீர்ப்பு சாய்ந்து நின்றது பிரிட்டனின் ஆன்டனி பிளாண்ட் வழக்கின்மீது. 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்க நெரிசலில் சிக்கி நினைவிழந்த இளைஞர் அவர். குழாய்வழி ஊட்டுவதும் மருத்துவச் சிகிச்சைதான், பயனற்றபோது அதை நிறுத்தலாம் என்று 1993இல் பிரபுக்கள் அவை முடிவு செய்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கண்ணியத்தோடு இறப்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தை ஏற்றது. கூடவே மாவட்ட ஆட்சியர் அமைக்கும் மருத்துவக் குழு, நேரில் வந்து பார்க்கும் நீதித்துறை நடுவர் என்று வேலியும் போட்டது. வேலி உயரமாக இருந்ததால் உள்ளே எவரும் போகவில்லை. 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு அதைத் தாழ்த்தியது. இப்போது சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு துறை வல்லுநர்களும் முதல் குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு வல்லுநர்களும் இரண்டாம் குழு. இரண்டும் இயன்றவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும். நடுவருக்குத் தகவல் கொடுத்தால் போதும். விருப்ப ஆவணம் எழுதிவைக்காதவருக்கும் இதே வழி பொருந்தும்.

கடைசி வாக்கியம் மற்றவற்றைவிட முக்கியமானது. 2018க்குப் பிறகு நம் நாளிதழ்கள் விருப்ப ஆவணத்தைப் பற்றியே பேசின. அது புற்றுநோயில் மெதுவாகக் கரைகிறவருக்கு, முதுமையில் யோசித்து எழுதுகிறவருக்கு உதவும். இருசக்கர வண்டியில் போகும் 25 வயதுக்காரரின் சட்டைப்பையில் அப்படி ஒரு தாள் இருக்காது. தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் 64,105 சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்ததாக ஒன்றிய அரசின் கணக்கு சொல்கிறது. இவர்களில் எவரும் தன் சாவைப் பற்றி முன்கூட்டி யோசித்து வண்டியை எடுத்திருக்க மாட்டார். மூளைக்காயத்தில் முடிவு எப்போதும் இன்னொருவர் எடுக்கும் முடிவுதான். வடக்கிருத்தலையும் சமணர்களின் சல்லேகனையையும் இந்த விவாதத்துக்குள் இழுத்து வருவோர் இதைக் கவனிப்பதில்லை. அவை தன்னறிவோடு தேர்ந்த சாவுகள். இங்கே தேர்வதற்கான அறிவுதான் முதலில் காயம்பட்டிருக்கிறது. ‘கருணைக்கொலை’ என்ற சொல்லும் அதே குழப்பத்தைத்தான் வளர்க்கிறது. ‘செயலற்ற கருணைக்கொலை’ என்ற தொடரையே கைவிடச் சொல்லி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் சொல் விளக்கம் வெளியிட்டது. தலைப்பில் ‘கொலை’ இருந்தால்தான் செய்தி ஓடும் என்று நினைக்கிறவர்கள் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை.

சட்டத்தில் மங்கலான இடங்களும் இருந்தன. 2013இல் மாடியிலிருந்து விழுந்து, பத்தாண்டுக்கு மேல் படுக்கையில் கிடந்த வட இந்திய இளைஞர் ஒருவருக்காகப் பெற்றோர் 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். அவர் வென்டிலேட்டரில் இல்லை, குழாய்வழி உணவில்தான் இருக்கிறார் என்று காரணம் காட்டிக் கோரிக்கை மறுக்கப்பட்டது. மருத்துவக் குழு அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிடுவதற்கு, அதே குடும்பம் அடுத்த ஆண்டும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. பிளாண்ட் வழக்கில் 1993இலேயே விடை காணப்பட்ட கேள்வி அது.

கணிப்பு எவ்வளவு உறுதி?

‘இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்ற வாக்கியத்தின் பின்னால் இருப்பது என்ன? 1974இல் கிளாஸ்கோவின் கிரஹாம் டீஸ்டேலும் பிரயன் ஜெனட்டும் வகுத்த கோமா அளவுகோல் முதலில் வரும். கண் திறப்பு, பேச்சு, உடலசைவு மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை எண் தருவது அது. 8உம் அதற்குக் கீழும் கடும் காயம். அடுத்து வயது, கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா என்பது, சி.டி. ஸ்கேனில் தெரியும் கசிவும் வீக்கமும். இவற்றைச் சேர்த்து ஆறாம் மாதத்தில் நோயாளி எப்படியிருப்பார் என்று கணக்கிடும் சூத்திரங்கள் உண்டு. 2008இல் வெளியான ‘கிராஷ்’ கணிப்பு மாதிரி 10,008 நோயாளிகளை வைத்து உருவாக்கப்பட்டது. அதில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. வசதியான நாடுகளுக்கு ஒரு சூத்திரம், ஏழை மற்றும் நடுத்தர நாடுகளுக்கு இன்னொன்று. அதே வயது, அதே காயம், அதே கண்மணி. நாட்டின் பெயரை மாற்றினால் சாவின் வாய்ப்பு மாறுகிறது. அந்த எண் மூளையை மட்டும் அளக்கவில்லை என்றுதான் இதற்குப் பொருள். சாலையையும், ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த நேரத்தையும், படுக்கை கிடைத்ததா என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, மருத்துவமனைக்கு மருத்துவமனையும் மாறுகிறது. கனடாவின் ஆறு விபத்துச் சிகிச்சை மையங்களில் கடும் மூளைக்காயமுற்ற 720 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மொத்தத்தில் 31.7 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். ஆனால் ஒரு மையத்தில் இது 10.8, இன்னொன்றில் 44.2. இறந்தவர்களில் 70 சதவீதம் பேருடைய சாவு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிய பிறகு நேர்ந்தது. அப்படி விலக்கியதில் ஏறத்தாழ பாதி முதல் மூன்று நாட்களுக்குள் நடந்தது. ஒரே நாட்டில், ஒரே காப்பீட்டு முறைக்குள், பணக் கவலை பெரிதாக இல்லாத இடத்தில் இந்த நிலை. எந்தக் காயம் என்பதோடு, எந்த வாசலுக்குள் நுழைந்தோம் என்பதும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

முதல் மூன்று நாட்கள் ஏன் ஆபத்தானவை? மயக்க மருந்தின் மிச்சம், குடித்திருந்தால் அதன் மிச்சம், குறைந்த இரத்த அழுத்தம், குளிர்ந்த உடல் எல்லாமே கோமா எண்ணைக் கீழே இழுக்கும். மூளையின் வீக்கம் உச்சத்தைத் தொட்டு வடியவும் நாட்களாகும். இதனால்தான் அமெரிக்க நரம்பியல் தீவிர சிகிச்சை வல்லுநர்கள் 2015இல், பேரழிவுபோலத் தோன்றும் மூளைக்காயத்திலும் 72 மணி நேரம் பொறுத்துப் பார்த்த பிறகே கணிப்புச் சொல்லுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். பொறுக்காதபோது நடப்பதை ஆய்வாளர்கள் ‘தானே மெய்யாகும் கணிப்பு’ என்கிறார்கள். பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் சொல்கிறார். சொன்னதால் சிகிச்சை நிற்கிறது. நின்றதால் நோயாளி இறக்கிறார். இறந்ததால் கணிப்பு சரியென்று ஆகிவிடுகிறது. அடுத்த நோயாளிக்கு அதுவே அனுபவமாகிறது. இந்தச் சுழலில் மருத்துவர் தன் தவறைக் கண்டுகொள்ள வழியே இல்லை. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், காயமுற்ற இரண்டாம் வாரத்தில் உணர்வற்ற விழிப்பு நிலையில் இருந்தவர்களில் முக்கால் பங்குக்கும் மேல் ஓராண்டுக்குள் நினைவு திரும்பினார்கள். 2024இல் வெளியான இன்னோர் ஆய்வில், வெளியே எந்தக் கட்டளைக்கும் அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையைக் கேட்டுச் செயல்பட்டது ஸ்கேனிலோ மின்பதிவிலோ தெரிந்தது.

இந்த எண்களை மட்டும் காட்டி நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. நினைவு திரும்புவது எழுந்து நடப்பதாகாது. கண்ணைத் திறந்து மகளை அடையாளம் கண்டுகொள்கிறவர், மூக்குக் குழாயும் தொண்டைத் துளையும் படுக்கைப் புண்ணுமாக ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். அவரைப் புரட்டிப் போடவும் குழாயில் கஞ்சி ஊற்றவும் ஒரு பெண் தன் வேலையை, பெரும்பாலும் தன் வாழ்க்கையையே விட்டுவிட வேண்டியிருக்கும். அந்த வாழ்க்கை வாழத் தக்கதா என்று சொல்ல மருத்துவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் அது எப்படியிருக்கும் என்று சொல்லும் கடமை அவருக்கு உண்டு. கணிப்பு என்பது ‘பிழைப்பாரா மாட்டாரா’ என்ற ஒற்றை விடையில் முடிந்துவிடுவது அன்று. எந்த நிலையில் பிழைப்பார், அதில் எவ்வளவு உறுதி, எத்தனை நாள் பொறுத்தால் உறுதி கூடும் என்ற மூன்றும் சேர்ந்ததே கணிப்பு. ‘வீட்டுக்குக் கொண்டுபோங்கள்’ என்ற இரண்டு சொற்களில் இந்த மூன்றுக்கும் இடமில்லை.

ஒரே உடல், இரண்டு சட்டம்

மூளைக்காயத்தின் கடைசிப் படியான மூளைச்சாவில்கூட நம் சட்டம் ஒரே குரலில் பேசவில்லை. 1994இன் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைத்தண்டின் செயல் முற்றாக நின்றுவிட்டது என்று சான்றளித்தால் அவர் இறந்தவர். 1969இன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ உயிரின் அடையாளங்கள் யாவும் நிலையாக மறைவதே இறப்பு என்கிறது. மூளையைப் பற்றி அது பேசுவதில்லை. உறுப்புக் கொடுக்கக் குடும்பம் ஒப்புக்கொண்டால், துடிக்கும் இதயத்தோடு இருக்கும் அந்த உடல் பிணம். ‘கொடுக்க மாட்டோம்’ என்றால் அதே உடல், அதே மணி நேரத்தில், வென்டிலேட்டரை அணைக்க மருத்துவர் தயங்கும் நோயாளி. கேரள அரசு 2020இல் உறுப்புக் கொடை உண்டோ இல்லையோ மூளைச்சாவு சாவுதான் என்று நடைமுறை வகுத்து இந்தக் குழப்பத்தைத் தன் எல்லைக்குள் தீர்த்துக்கொண்டது.

தமிழ்நாட்டின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவன் பெற்றோரே கொடுத்தார்கள். அதன்பின் உறுப்புக் கொடை இங்கே ஓர் இயக்கமாயிற்று. 2024இல் மட்டும் 268 பேரின் உறுப்புகள் கொடையாகப் பெறப்பட்டன. 2023 செப்டம்பரிலிருந்து கொடையாளரின் இறுதிச்சடங்குக்கு அரசு மரியாதை உண்டு. கொடுத்தவருக்கு மரியாதை இருக்கட்டும். கொடுக்க மனமில்லாத குடும்பத்துக்கும் தெளிவான ஒரு சாவுச் சான்று பெறும் உரிமை இருக்கிறது. உறுப்பு வேண்டும் என்பதற்காகவே சாவை அறிவிக்கிறார்கள் என்ற ஊர்ச் சந்தேகம் மறைய வேண்டுமானால், உறுப்பு கிடைக்காதபோதும் சாவை அதே உறுதியோடு அறிவிப்பதுதான் வழி.

கமுதியிலிருந்து பார்த்தால்

குண்டாற்றங்கரைக் கமுதியில் தலையில் அடிபட்டவருக்கு முதல் வாசல் தாலுகா மருத்துவமனை. மூளை அறுவை அங்கே நடக்கும் காரியமில்லை. காயத்தைக் கட்டி, மூச்சுக்குழாய் போட்டு, 108இல் ஏற்றி அனுப்புவார்கள். ஒரு பாதை முதுகுளத்தூர் வழியாக, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட ராமநாதபுரத்துக்கு. இன்னொன்று அருப்புக்கோட்டை வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கு, ‘பெரியாஸ்பத்திரி’ என்று ஊர் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ. வழியில் ஆக்சிஜன் குறைவதும் இரத்த அழுத்தம் விழுவதும் மூளைக்கு இரண்டாவது அடி. கிராஷ் சூத்திரத்தில் ‘நாடு’ என்று கேட்கப்படும் இடத்தில் அளக்கப்படுவது இந்த 90 கிலோமீட்டரையும் சேர்த்துத்தான்.

பணமும் இங்கே ஒரு கடிகாரம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. அது காப்பாற்றிய உயிர்கள் பல. திட்டத்தைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணிப்புச் சொல்ல 72 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்கிறது மருத்துவம். 48ஆம் மணியில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதா, கையிலிருந்து கட்டுவதா என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. கணிப்பு முதிர்வதற்கு ஒரு நாள் முன்னதாகவே பணம் பேசுகிறது. குடும்பத்தில் மூத்தவர், தாய்மாமன், ஊர்த் தலைவர் என்று கூடி நின்று ‘சொத்தை வித்தாவது பார்க்கணுமா, சொல்லுங்க டாக்டர்’ என்று கேட்கும் நேரம் அது. அந்தக் கேள்விக்குள் இருப்பது நோயாளியின் கதி பற்றிய ஐயம். அதற்கு வரும் விடை பெரும்பாலும் செலவு பற்றியது.

பிறகு வீடு. உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும், கடைசியாக வாயில் பால் ஊற்ற வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் ஆழமாக இருக்கும் விருப்பம். வெளியூரில் இறந்த உடலை வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கும் ஊர்களும் உண்டு. அதனால் ஏ.எம்.ஏ. தாளைக் குடும்பத்தின் மீது சுமத்தப்பட்ட பழியாக மட்டும் பார்ப்பது தவறு. சில வேளைகளில் அது அவர்கள் உண்மையாகவே வேண்டுவது. சிக்கல் அடுத்த கட்டத்தில். கையால் மூச்சூட்டும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வந்த ஊழியர், வாசலில் குழாயை எடுத்துவிட்டுப் போன பிறகு, மூச்சுத் திணறலுக்கோ வலிப்புக்கோ சளி அடைப்புக்கோ வீட்டில் எந்த மருந்தும் இருக்காது. சில நிமிடங்களில் முடியுமென்று சொல்லி அனுப்பப்பட்டவர் சில நாட்கள் இழுத்துக்கொண்டு கிடப்பதும் நேரும். அது விபத்து வழக்கென்றால் வீட்டில் இறந்தாலும் போலீசும் பிரேதப் பரிசோதனையும் வரும். இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் காட்டும் தாள் ஏ.எம்.ஏ.வாக இருக்கும். சிகிச்சையை நிறுத்தியது குடும்பமே என்று அதில்தான் எழுதியிருக்கிறதே.

இதே குடும்பம் 2023இன் நடைமுறைக்குள் வர என்ன வேண்டும்? ஆறு மருத்துவர்கள், அவர்களில் குறைந்தது நால்வர் அந்தத் துறை வல்லுநர்கள். மதுரையில் இது ஒரு மதியத்து வேலை. கடலோர மாவட்டத்தில் நரம்பியல் வல்லுநர் நால்வரை இரு குழுவாகப் பிரித்து 48 மணி நேரத்தில் உட்கார வைப்பது எளிதன்று. இரண்டாம் குழுவுக்கு ஆளை நியமிக்க வேண்டிய ‘மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி’ என்ற பதவிப் பெயரும் நம் மாநில வழக்கில் இல்லை. மருத்துவமனைகளைப் பார்ப்பவர் நலப்பணிகள் இணை இயக்குநர். தீர்ப்பின் சொல் யாரைக் குறிக்கிறது என்பதை அரசு எழுத்தில் சொன்னால்தான் அடுத்த கையெழுத்து விழும். கர்நாடக அரசு 2025 ஜனவரி 30 அன்று அப்படி ஓர் ஆணை பிறப்பித்தது.

மறுப்புகள்

முதல் மறுப்பு இந்த மண்ணிலிருந்தே வருகிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. விருதுநகர், மதுரை, ராமநாதபுரம் வட்டாரத்தில் ‘தலைக்கூத்தல்’ என்று ஒரு வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, காய்ச்சலில் தள்ளிச் சாகவிடுவது. 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் முதியவர் ஒருவர் தப்பியோடிய செய்தி அதை வெளியே கொண்டுவந்தது. ‘பாரம்’ போன்ற திரைப்படங்கள் பிறகு வந்தன. சொத்துக்காகவும் சுமை தீரவும் ஆளைச் சாகடிக்கத் துணிந்த சமூகத்தில் சிகிச்சை நிறுத்தத்தைச் சட்டமாக்கினால், அது மருத்துவமனைக்குள் நடக்கும் தலைக்கூத்தலாகாதா? கேள்வி நியாயமானது. ஆனால் தலைக்கூத்தலை இயலச் செய்தது எது என்று பார்க்க வேண்டும். வெளியார் எவரும் பார்க்கவில்லை, எவரும் எழுதவில்லை, இயற்கையான சாவு என்று ஊர் ஏற்றுக்கொண்டது. அந்த மூன்று குணங்களும் இன்றைக்கு ஏ.எம்.ஏ. தாளில்தான் இருக்கின்றன. இரண்டு குழுக்களில் ஆறு மருத்துவர் பார்த்து, எழுதி, நடுவருக்குச் சொல்லிச் செய்யும் நிறுத்தத்தில் அவை இல்லை. தலைக்கூத்தலுக்கு அஞ்சுகிறவர் அஞ்ச வேண்டியது எழுதப்படாத முடிவைத்தான்.

இரண்டாவது மறுப்பு மருத்துவர்களுடையது. ஒன்றிய நலவாழ்வு அமைச்சகம் 2024 செப்டம்பரில் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்குவது குறித்த வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டபோது, இது மருத்துவர்களைச் சட்டச் சிக்கலில் மாட்டி மன அழுத்தத்துக்கு ஆளாக்கும் என்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. நோயாளி இறந்ததும் மருத்துவமனைக் கண்ணாடிகள் உடையும் நாட்டில் இந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனாலும் பயம் தவறான திசையில் ஓடுகிறது. ‘எழுதினால் மாட்டிக்கொள்வோம்’ என்பது எழுதாதவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று கருதிக்கொள்வது. எழுதாத மருத்துவருக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் காவல் எதுவும் கிடையாது. நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து ஒருவர் புகார் கொடுத்தால், ‘கொண்டுபோங்கள் என்று வாயால் சொன்னார்’ என்பதற்கு எதிராக அவர் காட்ட ஒரு வரியும் இருக்காது.

மூன்றாவது, கணிப்பே உறுதியில்லை என்று நானே காட்டிய பிறகு நிறுத்தத்துக்கு வழி சொல்வது முரணில்லையா என்பது. உறுதியின்மை காத்திருக்கச் சொல்கிறது. காலவரம்பின்றித் தொடரச் சொல்லவில்லை. இத்தனை நாள் முழுச் சிகிச்சை, இன்ன அறிகுறி தெரிகிறதா என்று இன்ன தேதியில் பார்ப்போம் என்று முன்கூட்டிக் குடும்பத்தோடு பேசி வைப்பது பல நாடுகளில் பழகிய முறை. தேதி வைப்பதால் ஒருவேளை மூன்றாம் நாளே கைவிடப்பட்டிருக்கக் கூடிய இளைஞர் மூன்று வாரம் பெறுவார். மூன்று மாதம் பயனின்றிக் குத்தப்பட்டிருக்கக் கூடிய முதியவர் மூன்று வாரத்தில் விடுபடுவார்.

குடும்பமே முடிவெடுக்கட்டும், மருத்துவர் ஏன் நடுவில் என்று கேட்பவர்களும் உண்டு. குடும்பத்துக்குத் தெரிந்தது நோயாளியின் மனம், வீட்டின் வசதி. கண்மணி சுருங்காததன் பொருள் அவர்களுக்குத் தெரியாது. தெரியாததற்குப் பொறுப்பேற்கச் சொல்வதைச் சுயாட்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

தாளில் இருக்க வேண்டியவை

மூளைக்காயத்தில் ஏ.எம்.ஏ. தாளுக்கு மாற்றாக ஒரு பக்கப் பதிவு போதும். சேர்த்தபோதும் 72 மணி நேரத்துக்குப் பின்னும் கோமா எண், கண்மணி, ஸ்கேன் என்ன சொன்னது. மயக்க மருந்து எப்போது நிறுத்தப்பட்டது. கணிப்பு என்ன, அதில் எவ்வளவு உறுதி. அதே கேள்விக்கு இரண்டாவது மருத்துவர், மதுரையிலிருந்து காணொளி வழியாகவாவது, என்ன சொன்னார். குடும்பத்தில் யாரிடம், எந்த மொழியில், எத்தனை முறை பேசப்பட்டது. வீட்டுக்குப் போவதென்றால் வலிக்கும் வலிப்புக்கும் மூச்சுத் திணறலுக்கும் எந்த மருந்து, யார் கொடுப்பார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிவரும் நோய் ஆதரவுச் சேவையும் அடக்கம். வாரம் ஒருமுறை புற்றுநோயாளியின் வீட்டுக்குப் போகும் செவிலியருக்கு, மதுரையிலிருந்து இன்று மாலை ஒருவர் வருகிறார் என்று முன்கூட்டி ஒரு தொலைபேசி அழைப்பு போனால் அந்த வீட்டின் கடைசி நாட்கள் வேறாக இருக்கும். பக்கத்தின் அடியில் இரண்டு கையெழுத்துகள்: குடும்பத்தின் கையெழுத்துக்கு மேலே மருத்துவரின் கையெழுத்து.

இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். 2023 தீர்ப்பே போதும். இரண்டாம் குழுவை நியமிப்பவர் யார் என்று சென்னையிலிருந்து ஓர் அரசாணையும், தாளை மாற்றச் சொல்லி மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமிருந்து ஒரு சுற்றறிக்கையும் வர வேண்டும்.